சித்திக்கு லீவு இல்லை

ஏழாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்த பிறகும் எங்களுக்கு ஆறு நாள் பள்ளிக்கூடம் பாக்கி இருந்தது. மழைக்கு விட்ட விடுமுறைகளை ஈடுகட்ட வேண்டுமாம். பரீட்சை எழுதி முடித்த பிள்ளைகளை, ஏப்ரல் மாத திண்டுக்கல் வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே ஆறு நாள் உட்கார வைக்கலாம் என்று முடிவு செய்தவர் யாரோ தெரியாது. அந்தக் கூரைக்குக் கீழே அவர் ஒரு மணி நேரம் இருந்து பார்த்திருக்க மாட்டார் என்பது மட்டும் நிச்சயம்.

எங்களுக்கு உடம்பு பெஞ்சில் இருந்தது, மனசு எங்கெங்கோ இருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருத்தி தண்ணீர் குடிக்கப் போனாள். போனவளைத் தேட ஒருத்தி போனாள். மற்ற டீச்சர்கள் எல்லாரும் பேப்பர் திருத்துகிறோம் என்று ஓய்வறையில் மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்துவிட்டார்கள். இங்கிலீஷ் மிஸ் மட்டும் வகுப்புக்கு வந்தார். அந்த ஆண்டுதான் வேலைக்குச் சேர்ந்தவர். வகுப்பை அமைதியாக வைத்திருப்பது ஆசிரியரின் கடமை என்று இன்னும் நம்பிக்கொண்டிருந்த வயது அவருக்கு.

முதல் நாள் கரும்பலகையில் ‘வெகேஷன்’ என்ற சொல்லை இங்கிலீஷில் பெரிதாக எழுதினார். விடுமுறை. அந்த எழுத்துகளுக்குள் எத்தனை குட்டிச் சொற்கள் ஒளிந்திருக்கின்றன என்று கண்டுபிடிக்க வேண்டும். நான் பதினொன்று கண்டுபிடித்தேன். என் பக்கத்தில் இருந்த பேகம்பூர்க்காரி பதினாலு. இரண்டாம் நாள், அடுத்த வருடம் ஏழாம் வகுப்புக்கு வரப்போகிறவர்களுக்குக் கடிதம் எழுதச் சொன்னார். எல்லாரும் எழுதியது ஒன்றுதான்: கடைசி பெஞ்சில் உட்காராதே, கூரை ஒழுகும். மூன்றாம் நாள் அவருக்கும் கையிருப்பு தீர்ந்துவிட்டது போல. சாக்பீஸை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே நின்றவர், திடீரென்று முகம் மலர்ந்து, “உங்க வீட்ல யாருக்கெல்லாம் இங்கிலீஷ் பேசத் தெரியும்?” என்று கேட்டார்.

கடைசி வேலை நாளன்று விருந்தாளியாக ஒருவரை வகுப்புக்கு அழைத்து வர வேண்டும். நாங்கள் இங்கிலீஷில் பத்துக் கேள்வி கேட்க வேண்டும். அவர் இங்கிலீஷிலேயே பதில் சொல்ல வேண்டும். பேகம்பூர்க்காரி எழுந்து, அண்ணன் சென்னையில் செல்போன் கடையில் இருந்துவிட்டு வந்திருப்பதாகச் சொன்னாள். இன்னொருத்தி தன் மாமாவைச் சொன்னாள். அவர் அய்யலூர் சந்தையில் ஆடு வாங்கி விற்கிறவர். கேரளாக்காரர்களோடு இங்கிலீஷில்தான் விலை பேசுவாராம். என்னையும் அறியாமல் நான் எழுந்து நின்றேன்.

“எங்க சித்தி பேசுவாங்க மிஸ். நிக்காம பேசுவாங்க.”

சித்தி ஒரு வாக்கியம் இங்கிலீஷில் பேசி நான் கேட்டதில்லை. தடித்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்றை மடியில் வைத்திருப்பாள், அவ்வளவுதான். அதையும் படித்தாளா என்று சொல்ல முடியாது, ஒரே பக்கம்தான் எப்போதும் திறந்திருக்கும்.

சித்தி என் அம்மாவின் ஒரே தங்கை. அம்மாவுக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது அவர்களுடைய தாய் இறந்துபோனார். சித்திக்கு அப்போது மூன்று வயது. அதே வருடம் சித்திக்கு விடாத காய்ச்சல் வந்து பிழைப்பாளா என்று ஆனபோது, அம்மா மாதா கோவிலில் முழந்தாளில் நின்று, இவள் பிழைத்தால் ஆண்டவருக்கே கொடுத்துவிடுகிறேன் என்று நேர்ந்துகொண்டாளாம். சித்தி பிழைத்தாள். பிளஸ் டூ முடித்ததும் சிஸ்டருக்குப் போனாள், அதாவது கன்னியாஸ்திரி ஆக மடத்தில் சேர்ந்தாள். மடத்திலேயே டிகிரி படிக்க வைத்தார்கள். எங்கள் பங்குக் கோவிலில் அப்பாவுக்கு அதனால் ஒரு தனி மரியாதை. பேகம்பூர் போகிற சாலையில் எலெக்ட்ரிகல் சாமான் கடை வைத்திருந்த அப்பா, பல்பு வாங்க வருகிறவர்களிடம்கூட எப்படியாவது பேச்சை வளைத்து, ‘எங்க வீட்ல ஒரு சிஸ்டர் இருக்கு’ என்று சொல்லிவிடுவார்.

அப்படிப்பட்ட சித்தி, துறவற வார்த்தைப்பாடு கொடுக்கச் சில மாதங்களே இருந்தபோது, ஜனவரி மாதம் ஒரு பெட்டியோடு வீட்டுக்கு வந்து நின்றாள். மஞ்சள் காமாலை என்று எல்லாரிடமும் சொன்னோம். நானும் சொன்னேன். சித்தியின் கண்ணில் மஞ்சள் எங்கே இருக்கிறது என்று கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, தெரியாததால் அது குணமாகிவிட்டது என்று முடிவு செய்துகொண்டேன்.

குணமானவள் ஓர் இடத்தில் இருக்க மாட்டாள். காய்ந்த துணியை எடுத்து மறுபடி நனைத்துக் காயப்போடுவாள். மொட்டை மாடியில் கால் சுடும்வரை நடப்பாள். கேட்டுத் தாழ்ப்பாளைத் திறப்பாள், மூடுவாள், வெளியே மட்டும் போக மாட்டாள். “செத்த நேரம் ஒரு எடத்துல உக்காரு புள்ள, பாக்குற எனக்குத் தல சுத்துது” என்பாள் அம்மா. சித்தி உட்காருவாள். உட்கார்ந்த இடத்தில் அவளுடைய கால் கட்டைவிரல் மட்டும் தரையில் எதையோ எழுதிக்கொண்டே இருக்கும்.

அப்பாவுக்குப் பொறுமை குறைந்துகொண்டே வந்தது. கோவிலில் எல்லாரும் விசாரிக்கிறார்கள். மூன்று மாதமாக என்ன காமாலை? ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: “ரெண்டுல ஒண்ணு சொல்லிரும்மா. ஜூன்ல மடத்துக்குத் திரும்பிப் போ. இல்லன்னா நத்தத்துல எங்க பெரியப்பா மகன் இருக்கான், மாந்தோப்புக்காரன், கல்யாணத்த முடிச்சுருவோம். மே மாசம் மொத ஞாயித்துக்கெழம வந்து பாக்கச் சொல்லிருக்கேன்.” சித்தி என் தட்டில் ரசத்தை ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே இருந்தாள். அம்மாதான் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

இந்த வீட்டுக்குத்தான் நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்து, சித்தி இங்கிலீஷ் பேச வரவேண்டும் என்று நின்றேன்.

“நான் எங்கயும் வரல” என்றாள் சித்தி.

வகுப்பில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன் என்று அழுதேன். வராவிட்டால் பேகம்பூர்க்காரி என்னைப் பொய்க்காரி என்பாள் என்று அழுதேன். மறுநாளும் அழுதேன். சித்தி மாடிக்குப் போனால் பின்னாலேயே மாடிக்குப் போய் அழுதேன். தாங்காமல், “அப்படி என்னதான் கேக்கப் போறீக, காட்டு” என்று நோட்டை வாங்கினாள். மிஸ் எழுதிப்போட்ட பத்துக் கேள்விகள். உங்கள் பெயர் என்ன, எந்த ஊர், பிடித்த சாப்பாடு என்ன என்று போகும். சித்தியின் விரல் ஒவ்வொன்றாக இறங்கி வந்து பத்தாவதில் நின்றது. அடுத்த வருடம் என்ன செய்யப் போகிறீர்கள்?

விரல் வெகுநேரம் அங்கேயே இருந்தது. மாடித் தரை சுட்டது. நான் காலை மாற்றி மாற்றி நின்றேன்.

“சரி, வாரேன்” என்றாள்.

கடைசி நாளன்று அம்மாவும் கூட வந்தாள். சித்தி மட்டும் தனியாகப் போனால் தெருவில் என்ன பேசுவார்களோ என்று அவளுக்குப் பயம். பீரோவில் இருந்த பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு, கடைசி பெஞ்சில், சின்னப் பிள்ளைகளுக்கான இடத்தில் ஒடுங்கி உட்கார்ந்தாள். அம்மா ஐந்தாவது வரைதான் படித்தவள். இங்கிலீஷில் அவளுக்குத் தெரிந்தது பஸ்ஸில் ஏறவும் மருந்துக் கடையில் கேட்கவும் போதுமானது மட்டும்.

செல்போன் கடை அண்ணன் முதலில் வந்தார். மனப்பாடம் செய்து வந்திருந்ததால், கேள்வி கேட்பதற்கு முன்பே பத்துப் பதிலையும் சொல்லிவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டார். ஆட்டு வியாபாரி மாமா எல்லாக் கேள்விக்கும் ‘எஸ்’ என்றார். பெயர் என்ன என்றதற்கும் ‘எஸ்’. பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். இந்தச் சத்தம் கேட்டுத்தான் தலைமையாசிரியை வந்து வாசலில் நின்றார். அவரும் கன்னியாஸ்திரிதான், நாங்கள் பெரிய சிஸ்டர் என்போம். பெரிய சிஸ்டரைக் கண்டதும் வகுப்பு அடங்கிப்போனது. அந்த அமைதியில் என் பெயரை மிஸ் கூப்பிட்டார்.

சித்தி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். நான் நோட்டைப் பார்த்துப் பார்த்துக் கேட்டேன். முதல் ஒன்பது கேள்விக்கும் மெதுவாக, எங்களுக்குப் புரிகிற மாதிரி பதில் சொன்னாள். அழகான இங்கிலீஷ். நான் பேகம்பூர்க்காரியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பிறகு பத்தாவதைக் கேட்டேன்.

சித்தி என்னைப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற பெரிய சிஸ்டரைப் பார்த்தாள்.

“ஐ ஹேவ் நோ வெகேஷன்” என்றாள். என் காதில் அப்படித்தான் விழுந்தது. அதன் பிறகு பேச்சு வேகம் பிடித்துவிட்டது. நான் மிஸ்ஸிடம் சொன்ன பொய் என் கண் முன்னால் உண்மையாகிக்கொண்டிருந்தது. சித்தி நிற்காமல் பேசினாள். எனக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில சொற்கள்தான் அகப்பட்டன. பிரேயர் என்றாள். ஃபோர் இயர்ஸ் என்றாள். அஃப்ரெய்ட் என்றாள். மை சிஸ்டர், மை சிஸ்டர் என்று இரண்டு மூன்று முறை வந்தது. கைகள் மடியில் சும்மா கிடந்தன. கால் கட்டைவிரல் எழுதுவதை நிறுத்தியிருந்தது. நான்கு மாதத்தில் சித்தி அசையாமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

அவள் முடித்ததும் முதலில் கைதட்டியது அம்மாதான். பளபளவென்ற முகத்தோடு, பெஞ்சிலிருந்து பாதி எழுந்து தட்டினாள். அதைப் பார்த்து எல்லாரும் தட்டினோம். மிஸ் தட்டவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் டஸ்டரைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றார். பெரிய சிஸ்டர் உள்ளே வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, சித்தியின் தோளில் கை வைத்து எதையோ மெதுவாகக் கேட்டார். சித்தி தலையாட்டினாள். இருவரும் அலுவலக அறைப் பக்கம் போனார்கள்.

அம்மாவும் நானும் வேப்பமரத்தடியில் காத்திருந்தோம். மற்ற பிள்ளைகள் புத்தகப்பையைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு கேட்டுக்கு ஓடினார்கள். எனக்கும் ஓட வேண்டும் போலிருந்தது. அலுவலகக் கதவு திறக்கவே இல்லை.

“சித்தி கடைசியா இங்கிலீஷ்ல அம்புட்டு நேரம் என்னடி சொன்னா?” என்றாள் அம்மா.

நல்ல வேளையாக, முக்கியமான சொல் எனக்குத் தெரிந்திருந்தது. அதற்குள்ளிருந்து பதினொரு சொல்லை வெளியே எடுத்தவள் நான்.

“சித்திக்கு லீவு இல்லயாம்.”

“அப்படின்னா?”

“லீவு முடிஞ்சிருச்சாம். மடத்துக்குத் திரும்பிப் போறாங்களாம். அதான் பெரிய சிஸ்டர் கூப்பிட்டுப் பேசுறாங்க.”

அம்மா என் முகத்தையே பார்த்தாள். பிறகு மூடியிருந்த அலுவலகக் கதவைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

“நல்லாத் தெரியுமா ஒனக்கு?”

“நான்தானம்மா கேள்வி கேட்டேன்.”

“சரி” என்றாள் அம்மா. “அப்பாகிட்ட நீயே சொல்லிரு.”

வீட்டில் ஒரு முக்கியமான செய்தியை அப்பாவிடம் சொல்லும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது அதுதான் முதல் தடவை. கடையிலிருந்து வந்து அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன். பெரிய சிஸ்டரிடமே சித்தி சொல்லிவிட்டாள் என்றதும் அப்பா இருந்த இடத்திலேயே சிலுவை போட்டுக்கொண்டார். உடனே நத்தத்துக்குப் போன் போட்டார். “பொண்ணு ஆண்டவருக்குத்தான்னு ஆயிருச்சு தம்பி, மன்னிச்சுக்க” என்று சத்தமாகப் பேசினார். அடுத்து கோவிலுக்குப் போன் போட்டார். சித்தி அடுப்படி வாசலில் தட்டும் கையுமாக நின்றாள். அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அம்மாவின் முதுகைப் பார்த்தாள். அம்மா அடுப்பில் இருந்த வெஞ்சனத்தைக் கிளறிக்கொண்டிருந்தாள். திரும்பவே இல்லை.

சாயங்காலம் சித்தி என்னை மாடிக்குக் கூட்டிப்போனாள்.

“நான் என்ன சொன்னேன்னு நீ வீட்ல சொன்ன?”

வெகேஷன் பற்றிச் சொன்னேன். சித்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. நான் பயந்துபோய், தப்பாகச் சொல்லிவிட்டேனா என்று கேட்டேன்.

“இல்லப்பு. கரெக்டாத்தேன் சொல்லிருக்க” என்றாள். “இனிமே யாரு கேட்டாலும் இதையே சொல்லு. மாத்திக் கீத்திச் சொல்லிராத.”

மே மாதம் முழுக்க எங்கள் வீட்டில் அமைதியாகப் போனது. பெரிய சிஸ்டர் இரண்டு முறை சித்தியை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். மடத்து விஷயம் என்று அப்பா கடையைப் பூட்டிவிட்டு அவரே வண்டியில் கொண்டுபோய் விட்டார். மாத முடிவில் சித்தி புறப்பட்டாள். பஸ் ஸ்டாண்டில் அப்பா அவள் நெற்றியில் சிலுவை வரைந்து அனுப்பினார்.

இரண்டு வாரத்தில் அப்பா பெயருக்குக் கடிதம் வந்தது. மடத்திலிருந்து அல்ல. கோயம்புத்தூர்ப் பக்கம், காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் ஒன்றில் சித்தி வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பெரிய சிஸ்டர்தான் அங்கே சொல்லிச் சேர்த்துவிட்டிருந்தார். இனி மடத்துக்குப் போவதில்லை, இப்போது கல்யாணமும் வேண்டாம், உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை, மன்னியுங்கள் என்று எழுதியிருந்தாள். அப்பா இரண்டு நாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு, “அன்னிக்கு அந்தப் புள்ள என்ன சொல்லுச்சு?” என்று கேட்டார். லீவு இல்லை என்றுதான் சொன்னாள் என்று அடித்துச் சொன்னேன். உள்ளேயிருந்து அம்மா, “சின்னப் புள்ளைய எதுக்குக் கேக்குறீக, அதுக்கு என்ன தெரியும்” என்றாள். எனக்கு அவமானமாக இருந்தது. அப்பா பெரிய சிஸ்டரைப் போய்ப் பார்த்தார். போனபோது இருந்த கோபம் திரும்பி வந்தபோது இல்லை. சித்தியிடம் பேசத்தான் கிறிஸ்துமஸ் வரை ஆனது. அன்று வாசலில் வந்து நின்றவளிடம், “வெயில்ல நிக்காம உள்ள வா” என்றார். டிசம்பர் மாதத்தில் என்ன வெயில் என்று யாரும் கேட்கவில்லை. சித்தி இன்றும் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறாள்.

ஒன்பதாவது படிக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் சுவரொட்டி ஒன்று ஒட்டியிருந்தார்கள். ‘இறையழைத்தல் ஞாயிறு’ என்று தமிழில் பெரிதாகவும், அதற்குக் கீழே இங்கிலீஷில் சிறிதாகவும். இங்கிலீஷ் சொல்லை வாய்க்குள் எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். வொகேஷன். வெகேஷன் அல்ல. ஆண்டவரின் அழைப்பு எனக்கு இல்லை என்று சித்தி சொன்னதை, விடுமுறை இல்லை என்று நான் வீடு முழுக்கச் சொல்லியிருக்கிறேன்.

பூசை முடிந்து வீட்டுக்கு ஓடி வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் தப்பாகச் சொன்னதால்தானே நத்தத்துக்காரர்களை வரவேண்டாம் என்றார்கள், சித்தி கிளம்பிப் போக முடிந்தது என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அவளுக்குத் தூக்கிவாரிப் போடும் என்று எதிர்பார்த்தேன்.

“அதுக்கென்ன இப்ப?” என்றாள் அம்மா. “அந்தச் சட்டில தண்ணி மோந்து வையி.”

அப்போதுதான் சித்தி புறப்பட்ட நாள் காலை எனக்கு நினைவுக்கு வந்தது. சித்தி குளிக்கப் போயிருந்தாள். அம்மா அவளுடைய பெட்டியைத் திறந்து, மடத்தில் கட்டுகிற வெள்ளைப் புடவைகளை எல்லாம் வெளியே எடுத்து வைத்தாள். பீரோவிலிருந்து தன்னுடைய சேலைகளில் நல்லதாக மூன்றை எடுத்தாள். ஒன்று மாம்பழ மஞ்சள், ஒன்று பச்சை, ஒன்று சின்னாளப்பட்டிச் சுங்குடி. அவற்றைப் பெட்டிக்கு அடியில், மூலை மடங்காமல், கையால் நீவி நீவி வைத்தாள். மேலே வெள்ளைப் புடவைகளை முன்பிருந்தபடியே அடுக்கினாள். இந்தத் தங்கைக்காகத்தான் அவள் பதினைந்து வயதில் முழந்தாளில் நின்று நேர்ந்துகொண்டவள்.

“மடத்துல கலர்ச் சேல கட்டக் கூடாதுல்லம்மா?” என்று கேட்டேன்.

“பெட்டி அமுங்காம நிக்கணும்ல, அதுக்குத்தேன்” என்றாள். “பேசாம ஏறி உக்காரு, மூட மாட்டேங்குது.”

நான் பெட்டிமேல் ஏறி, முழு பலத்தையும் கொடுத்து அழுத்தி உட்கார்ந்தேன். அம்மா இரண்டு பக்கமும் கொக்கியை மாட்டினாள். எனக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது.